ஐந்தாவது சாவி

வளையத்தில் ஐந்து சாவிகள்.
தெருக்கதவுக்கு ஒன்று, படிக்கட்டுக் கதவுக்கு ஒன்று,
வீட்டுக்கு மேல்பூட்டு, கீழ்ப்பூட்டு.
சின்னப் பித்தளைச் சாவியைத் தொட்டதும்
நீவெஸ் அம்மையார் உதட்டைப் பிதுக்கினார்.
அவர் சொன்னதைக் கைப்பேசி எனக்குச் சொன்னது:
"தெரியாது. என் தம்பி இருந்தபோதே
அதில்தான் கிடந்தது. கழற்ற வேண்டாம்."

தம்பி துறைமுகத்தில்
காபி மூட்டைகளை எடைபோட்டவராம்.
அவர் கட்டிலில் எனக்கு ஏழு இரவுகள்,
முன்பணம் கட்டியாயிற்று.
அலமாரியில் ஒரு பாதி எனக்கு.
மறுபாதியில் அவருடைய குளிர்கோட்டுகள்;
கதவைத் திறந்தால்
லேசாகத் தோளை அசைத்து
இடம் விடுகின்றன.

எழுபத்தெட்டுப் படிகள்.
குப்பைக்கு நான்கு நிறத் தொட்டிகள்.
முட்டை ஓடு எந்த நிறத்தில் சேரும் என்பதில்
முதல் காலை போயிற்று.

பிறகு நடந்தேன்.
திரியெஸ்தே ஒரு சரிவு.
எந்தத் தெருவில் நுழைந்தாலும்
கடைசியில் கடலில் கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறது.
வரைபடம் எதற்கு,
ஒரு எலுமிச்சம்பழத்தைத் தரையில் விட்டு
அதன் பின்னால் போனால் போதும்.
திரும்பி ஏறும்போதுதான்
முழங்கால் கணக்குக் கேட்கிறது.

காபிக் கடையில்
சும்மா ஒரு காபி என்றேன்.
அப்படி ஒன்று இந்த ஊரில் இல்லையாம்.
கறுப்பா, நுரை தொட்டதா,
பீங்கானிலா, கண்ணாடியிலா என்று
கேட்டுக்கொண்டே நின்றார் பரிசாரகர்.
எனக்குப் பின்னால் நின்ற தபால்காரர்
எனக்கும் சேர்த்து முடிவெடுத்தார்.
நல்ல முடிவு.

நான்காம் நாள் போரா இறங்கியது.
மலையிலிருந்து வரும் காற்றுக்கு
இங்கே பெயர் உண்டு,
வீட்டு மனிதரைப் போல அதைத் திட்டுகிறார்கள்.
ஸ்கூட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன.
விளக்குக் கம்பத்தின் இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம்
ரொட்டிப் பொட்டலத்தோடு ஒரு பெண்.
மூன்று நிமிடம்
ஒரே கம்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தோம்.
காற்று கொஞ்சம் மூச்சுவிட்டபோது
தலையசைத்துப் பிரிந்தோம்.
அந்த வாரத்தில் நான் கலந்துகொண்ட
நீண்ட உரையாடல் அதுதான்.

ஆறாம் இரவுவரை.

கதவு தட்டப்பட்டது.
கீழ்வீட்டு ஃபுர்லான்,
வீட்டுச் செருப்பும் கையில் குப்பைப் பையுமாக.
காற்று அவர் கதவை அறைந்து சாத்திவிட்டதைக்
கையால் நடித்துக் காட்டினார். கூடவே
அடுப்பில் ஏதோ கொதிப்பதையும்.
என் கையிலிருந்த வளையத்தை வாங்கி
யோசிக்காமல்
பித்தளையை எடுத்தார்.

ஆறு நாட்களாக
கோட்டைக்கும் மீன் சந்தைக்கும்
படகுத்துறையின் கடைசிக் கல்லுக்கும்
ஒருவருடைய வீட்டைக்
கால்சட்டைப் பையில் போட்டு நடந்திருக்கிறேன்.
தொடையில் தட்டிக்கொண்டே வந்தது
அவர் கதவு.

உள்ளே என் வீடே,
இடவலம் மாறி.
பீன்ஸும் புளித்த முட்டைகோஸும் போட்ட சூப்,
அடி லேசாகப் பிடித்திருந்தது.
அந்தப் புளிப்பை
என் நாக்குக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.
எங்கெல்லாம் போனாய் என்றார்.
மேசைமேல் ரொட்டித்துணுக்குகளை வைத்துக் காட்டினேன்.
கோட்டைத் துணுக்கை
அவர் விரல் கொஞ்சம் வடக்கே நகர்த்தியது.
ஒன்பது வருடமாக
அங்கே ஏறவில்லையாம்.

சாவியைத் திருப்பித் தந்தார்.
நான் வேண்டாம் என்று அவர் பக்கம் தள்ள,
அவர் மேலே சுட்டிக் காட்டினார்:
என் வீட்டை,
அல்லது இறந்தவரை,
அல்லது இனிமேல் வரப்போகிற யாரையோ.

கிளம்பும் காலை
நீவெஸ் அம்மையார் வளையத்தை எண்ணினார்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
ஐந்தாவதைத் தாண்டிப் போனது விரல்.
கைப்பேசி எங்கோ பெட்டியின் அடியில்.
என்னிடம் இருந்த இத்தாலியம்
'மன்னிக்கவும்', 'கறுப்பு', 'எவ்வளவு'.
பித்தளைச் சாவியைத் தூக்கிப் பிடித்து
விரலால் தரையைக் காட்டினேன்,
கீழே, இதற்குக் கீழே என்று.

அவர் குனிந்து பார்த்தார்.
மூலைவரை பார்த்தார்.
பிறகு மலர்ந்து
என் தோளைத் தட்டினார்,
இவ்வளவு நன்றாகத் துடைத்துவிட்டுப் போகிறவர்
யார் இருக்கிறார்கள் என்பது போல.