மேற்குச் சுவர்

வீடு என்னுடையது.
அதன் மேற்குச் சுவரைப் பார்க்க
காசிமாயன் கொல்லைக்குத்தான் போக வேண்டும்.

ஒன்றரை அடி விடவில்லை என்று அவரும்
விட்டது போதும் என்று நானும்
சங்கிலி பிடித்த சர்வேயருக்கு
ஆளுக்கொரு இளநீர் வெட்டிக் கொடுத்ததோடு
பேச்சு நின்று நாலு வருஷம்.
ஏரியாவுக்குப் பெயர் கூடல்நகர்.

பூசாத செங்கல்லில்
அவர் பெண்சாதி வீரணம்மா வறட்டி தட்டுவாள்.
படுக்கையறைக்குள் கேட்கும்:
சப்.
கொஞ்சம் விட்டு,
சப்.
ஐப்பசி மழைக்கு ஈரம் உள்ளே இறங்கி
பீரோவுக்குப் பின்னால்
பெயர் தெரியாத நாடொன்றை வரைந்திருந்தது.

"கூழாங்கல் எறிஞ்சு பூசிருவோம் மேடம்.
மழைக்கும் ஆச்சு.
வறட்டியும் நிக்காது."
சவரிராஜ் கொத்தனார் சொன்னதில்
இரண்டாவதற்காகத்தான்
சீட்டுப் பணத்தை எடுத்தேன்.

சாரம் ஊன்ற அவர் மண்ணில் எட்டுக் குழி வேண்டும்.
கேட்கப் போனேன்.
தவிடு கலக்கிய கையைத்
தொட்டியிலிருந்து எடுக்காமலே சொன்னார்:
"குழிய மூடிட்டுப் போகணும்."
நாலு வருஷத்துக்கு மூன்று சொல்.

முதல் பூச்சைக் கீறிக் காயவிட்டு
மறுநாள் விடிந்ததும் இரண்டாம் பூச்சு.
டிரம்மில் அலசிய கல்
மொச்சையும் புளியங்கொட்டையுமாக
ஈரத்தில் மினுங்கியது.
பங்குனி.
மேற்குச் சுவருக்கு மதியம் வரைதான் நிழல்.
அதற்குள் எறிய வேண்டும்,
கலவை இறுகுவதற்குள்.
சித்தாளோ
அழகர்கோயிலுக்கு மொட்டை போடப் போய்விட்டாள்.

சவரிராஜ் தோளிலிருந்து எறிந்தார்.
பாதி ஒட்டியது,
பாதி தெறித்து
மாட்டின் முதுகில் விழுந்தது.
மாடு திரும்பிப் பார்த்தது.
நானும் கிண்ணம் எடுத்து எறிந்தேன்.
மாநகராட்சியில் இருபது வருஷம் ரசீது கிழித்த கை.
சாக்கில் விழுந்ததே அதிகம்.

சிரிப்புச் சத்தம்.
"ஏண்ணே, கோழிக்குத் தீனி எறியிற மாதிரி எறியிறீக?"
சாணி வாளியை வைத்துவிட்டு வந்தாள் வீரணம்மா.
கையைக் கழுவினாள், என் டிரம்மில்தான்.
தகரத் தட்டில் கல்லை அள்ளி
முழங்கை அசையாமல்
மணிக்கட்டை மட்டும் ஒரு வெட்டு.

சப்.

எனக்குத் தெரிந்த சத்தம்.
வெளியிலிருந்து கேட்பது முதல் தடவை.

ஒரு கல் உதிரவில்லை.
சேலையைத் தூக்கிச் செருகிச் சாரத்தில் ஏறினாள்.
மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக,
வறட்டிக்கு விடுவது போல் சந்து விடாமல்.
சவரிராஜ் மணியாசுக் கட்டையால்
அவள் எறிந்ததை மெல்ல அமுக்கிக்கொண்டே போனார்,
பின்னால்,
சித்தாளைப் போல.

வெயில் ஓட்டு விளிம்பைத் தாண்டும்போது
சுவர் முடிந்திருந்தது.
அறுநூறு ரூபாயை நீட்டினேன்.
வாங்கி எண்ணினாள்.
எண்ணிவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.
"நல்லாத்தான் இருக்கு.
இனிமே நான் எங்க தட்டுறதாம்?"

அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று
கேட்க முடியவில்லை.
சாக்கில் உதிர்ந்த கல்லைப் பொறுக்குவதாகக்
குனிந்துகொண்டேன்.

குழிகளைக் காசிமாயனே மூடினார்.
வேலையாள் மூடியது மேடாக இருந்ததாம்.

இப்போதும் அந்தச் சுவரை
முழுதாகப் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.
இடப்பக்கம் மேலே ஒரு கை அகலம்
சொட்டையாக இருக்கும்.
அது நான் எறிந்த இடம்.

ராத்திரி பதினொன்றுக்கு மேல் சத்தம் வருகிறது.
சர்ர்.
கொஞ்சம் விட்டு,
சர்ர்.
மாடு முதுகு சொறிந்துகொள்கிறது.
பீரோவை இன்னும்
சுவரோடு தள்ளவில்லை.