நேரடிச் சேவை இல்லை

உட்துறைமுக வீதியில் என் டிக்கெட் கடை.
மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு வரைபடம்.
திருகோணமலையிலிருந்து சென்னைக்கு
எப்போதோ நான் பேனையால் இழுத்த கோடு.

ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் என்கிறது கணினி,
பறந்தால் ஒரு மணித்தியாலம்கூட ஆகாதாம்.
கீழே சின்ன எழுத்தில்:
நேரடிச் சேவை இல்லை.

கிண்ணியாவிலிருந்து வந்த ஜெஸீமா
கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.
இரண்டு கணு.
"இவ்வளவுதானே?"

இருக்கிற வழியைச் சொன்னேன்.
இரவு பஸ். கந்தளாய். ஹபரணையில்
யானை றோட்டை விட்டால் தம்புள்ளை, குருநாகல்,
விடியக் கட்டுநாயக்கா.
மூன்று மணித்தியாலம் முந்தியே வரிசை.
வடக்கே போவதற்கு
இராமுழுக்கத் தென்மேற்கே போக வேண்டும்.

"ஒரு சட்டி தயிர் கொண்டு போகலாமா?
தங்கச்சி கேட்டவ."

கையில் விடமாட்டார்கள்.
பெட்டிக்குள் சட்டி உடையும்.
உடையாவிட்டாலும்
போய்ச் சேர முதல் புளித்துவிடும்.

சீனன்குடாப் பக்கம் ஓர் இரைச்சல்.
பயிற்சி விமானம்
கொட்டியாரக் குடாவை ஒரு சுற்றுச் சுற்றி
ஏறின இடத்திலேயே இறங்கியது.
அது அடங்கும்வரை இருவரும் பேசவில்லை.

'புறப்படும் இடம்' என்ற கட்டத்தில்
கொழும்பு என்று அடித்தேன்.
"நான் கிண்ணியாதானே" என்றாள்,
காசை எண்ணி வைத்தபடி.

படியிறங்கப் போனவள் திரும்பினாள்:
"மூடி இறுகின போத்தலில ஊத்திப்
பெட்டிக்குள்ள வைக்கிறன்.
புளிக்கட்டும்.
அவக்கு இப்ப மூணு மாசம்,
புளிப்புத்தான் கேக்குது."