உள்ளூர் இணைப்பு

சுகுமியில் அப்போது எண்கள் ஐந்து இலக்கம்.
எக்ஸ்சேஞ்சில் இரவுப் பணி, நானும் எஸ்மாவும்.
வெளியூர் அழைப்பெல்லாம் எங்கள் கை வழியாகத்தான் போகும்,
செருகி, பிடுங்கி, செருகி.
பிப்ரவரியில் மிமோசாப் பூ அனுப்புகிறவர்கள்
மாஸ்கோ விலை கேட்டுக் கத்துவார்கள்.
காப்பிக்கடை ஹர்லாம்பி
அக்காளோடு கிரேக்கத்தில் சண்டை பிடித்து
அர்மீனிய மொழியில் திட்டி
ரஷ்ய மொழியில் மன்னிப்புக் கேட்பார்.
மூன்று நிமிடத்துக்குப் பணம் கட்டினால்
ஐந்து நிமிடம் விட்டுவைப்போம்.

மழைநாளில் கம்பிக்குள் ஓர் இரைச்சல் வரும்.
கடல் உப்பு என்பார் பழுதுபார்க்கிறவர்.
குரங்குப் பண்ணையிலிருந்து யாரோ லைன் கேட்கிறார்கள்
என்பாள் எஸ்மா.

அவள்தான் ஒருநாள் சொன்னாள்:
"உங்கள் கமர்ஜோபாவில் வெற்றி இருக்கிறது.
பால்காரியைப் பார்த்தாலும் வெற்றி என்கிறீர்கள்.
யாரை ஜெயிக்கப் போகிறாய், சியாலா?
எங்களுக்கு நல்ல பகல் போதும்."
சிரித்தோம்.
அந்தச் சிரிப்பு பொய்யில்லை.
அதை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

ஊர் மாறியதை நான் கண்ணால் பார்க்கவில்லை.
ஹெட்போனில் கேட்டேன்.
மாமியாரிடம் பேசிக்கொண்டிருந்த மருமகன்
பாதி வாக்கியத்தில் மொழி மாற்றினான்.
குடும்பப் பெயரைக் கேட்டதும்
ஆட்கள் ஒரு மூச்சு நிறுத்தினார்கள்.
முன்பு அந்த மூச்சு கிடையாது.

ஆகஸ்டில் டாங்கிகள் வந்தன.
எங்களுடையவை.
யூகலிப்டஸ் நிழலில் நின்ற பையன்களுக்கு
என் மாமா தர்ப்பூசணி அறுத்துக் கொடுத்தார்.
மாலையில் ஒரு சார்ஜென்ட் பட்டியல் கொண்டுவந்தான்.
தட்டச்சு செய்தது, ஓரம் நேராக.
நாற்பத்தோரு எண்கள்.
பதினாறாவது எஸ்மா வீடு.
அவள் அன்று வேலைக்கு வந்திருக்கவில்லை.

யாரும் என் கையை முறுக்கவில்லை.
துப்பாக்கி அவன் தோளிலேயே கிடந்தது.
பின்னறைச் சட்டத்தில்
ஒவ்வொரு வீட்டுக்கும் விரல்நுனி அளவு ஒரு ஃபியூஸ்.
கழற்றினால், பூசணி விதையைக் கடித்த மாதிரி
சின்னதாக ஒரு சத்தம்.
நாற்பத்தோரு தடவை.
எல்லாவற்றையும் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு
வீட்டுக்குப் போய் மீன் பொரித்தேன்.

பதின்மூன்று மாதம் கழித்துப் போர் மறுபக்கம் புரண்டது.
என் வீட்டில் மணி அடித்தது.
"இன்றிரவே கிளம்பு. கடலோரம் வேண்டாம், மலை வழியாகப் போ."
வெற்றியும் இல்லை, நல்ல பகலும் இல்லை.
நான் அவள் பெயரைச் சொல்வதற்குள்
வைத்துவிட்டாள்.

திபிலிசியில் ஒரு ஓட்டலின் பத்தாம் மாடி.
பால்கனிக்குப் பலகை அடித்துச் சமையலறை ஆக்கினோம்.
பார்க்க வருகிறவர்கள் கடலைப் பற்றிக் கேட்பார்கள்.
நாங்களும் சொல்வோம்:
சூடான மணலில் காய்ச்சும் காப்பி,
கரையோரப் பனை வரிசை,
பூட்டாத கதவுகள்.
"ஒருதாய் மக்கள் போல இருந்தோம்" என்பார் அடுத்த அறை வஜா.
நான் தலையாட்டுவேன்.
பட்டியலைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

அந்த ஊருக்கு இப்போது வேறு நாட்டுக் குறியீடு.
அதற்குப் பின்னால் நம் பழைய எண்களே என்றார்கள்.
என் வீட்டை ஒருமுறை அழைத்துப் பார்த்தேன்.
ஒரு சிறுவன் அலோ என்றான்.
அவனுக்குப் பின்னால் என் கதவின் கீல்,
இன்னும் யாரும் எண்ணெய் விடவில்லை.
வைத்துவிட்டேன்.

இன்று எஸ்மாவின் எண்.
மலை தாண்டி வந்த ஒரே ஒரு ஃபியூஸ்
மேசைமேல், உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில்.
கடைசி இலக்கம் ஒன்பது.
பழைய சக்கரத்தில் ஒன்பது
திரும்பி வர நேரமாகும்.
விரலை எடுத்துவிட்டேன், அது வந்துகொண்டிருக்கிறது.
எடுத்தால் முதலில் என்ன சொல்வது?

பதினோரு வருடம் பக்கத்து நாற்காலி.
அவள் மொழியில் நல்ல பகல் என்பதை
எப்படிச் சொல்வார்கள் என்று
நான் கேட்டதே இல்லை.