ஐந்தாவது கட்டளை

குத்தாயிசியில் அந்தக் குளிர்காலம்
மின்சாரம் இரவு இரண்டு மணிக்கு வரும்,
திருடனைப் போல,
கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போகும்.
லாரித் தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள்.
நான் பதினோரு வருடம் காவல் காத்த கணிப்பொறிக்குள்
இப்போது எலிகள் குடும்பம் நடத்தின.

ஆகவே
மின்சாரமே கேட்காத ஒன்றை
பழைய சம்பளப் பட்டியலின் முதுகில் வரைந்தேன்.

ஒன்பது மாடி. லிஃப்ட் செத்து இரண்டு வருடம்.
இரண்டாம் மாடியில் முட்டை அட்டை, அதில் மூன்று வால்நட்.
ஐந்தாம் மாடியில் இன்னொன்று, அதில் நான்கு.
இது நினைவகம்.
ஓடுகிற நெஸ்தான், ஒன்பது வயது, இவள்தான் செயலி.
கட்டளைகள் மொத்தம் நான்கு,
சுவரில் சுண்ணக்கட்டியால்:
எடு. ஏறு. போடு. ஆறாம் மாடி தொட்டுத் திரும்பு.

"யோசிக்கக் கூடாது," என்றேன்.
"எழுதியதை மட்டும் செய்.
யோசிக்கிறதெல்லாம் எழுதினவள் பாடு."
அவள் தலையாட்டினாள்.
ஐந்தாம் மாடி அட்டைக்கு பாத்ரியைக் காவல் வைத்தேன்.

ரொட்டிக் கடை திறந்துவிட்டதாகக் கீழே சத்தம்.
ஓடினேன்.
வரிசையில் ஒன்றரை மணி நேரம்,
உறைந்த கால்களை மாற்றி மாற்றி ஊன்றியபடி
பெருக்கலுக்கு எத்தனை மாடி வேண்டுமென்று
மனசுக்குள் கட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தால்
படியில் இன்னும் காலடிச் சத்தம்.
நெஸ்தான் ஏறிக்கொண்டிருந்தாள்,
முகம் சிவந்து, தொப்பி கழன்று,
ஒன்றுமில்லாத உள்ளங்கையை
எதையோ சிந்தாமல் கொண்டுபோகிறவள் போல
இறுக மூடிக்கொண்டு.

மூன்று நடையில் முடிந்த கணக்கு.
காலியானால் என்ன செய்வதென்று
நான் எழுதவேயில்லை.
ஒரு முழுத் தொழிற்சாலையும் இப்படித்தான்
கடைசி வருடம் ஓடியது என்பது
அப்போது நினைவுக்கு வந்தது, வந்திருக்க வேண்டாம்.

அவள் பின்னாலேயே ஏறினேன்.
ஆறாம் மாடியில்
என் கையெழுத்துக்குக் கீழே,
கோணலாக, சுண்ணக்கட்டி உடைய அழுத்தி,
பாத்ரி எழுதிக்கொண்டிருந்தான்:
போதும்.

நெஸ்தான் வந்தாள். வாசித்தாள்.
அங்கேயே, படியில், உட்கார்ந்தாள்.
கை விரிந்தது.

அட்டையை எண்ணினோம். ஆறு.
பாத்ரியின் சட்டையில் ஓட்டுத் துணுக்கு.
"பசிச்சது" என்றான்.
மூன்றும் நான்கும் அன்று ஆறு.

ரொட்டியை மூன்றாகப் பிய்த்தேன்.
இரவு இரண்டு மணிக்கு விளக்கு வந்ததும்
தாளை எடுத்து ஐந்தாவதாக அதைச் சேர்த்தேன்,
அவன் போட்ட எழுத்துப் பிழையோடு.