லோடு என்னைக்கு

சாப்டூர் போர்வெல்லில் நிரப்பி
மலையடித் தொட்டியில் கொட்டிவிட்டு வர
நடைக்கு எண்ணூறு ரூபாய். டீசல் அவர்களது.
ஐப்பசி பொய்த்து, கார்த்திகையும் கையை விரித்த பிறகு
வனத்துறை என்னைக் கூப்பிட்டது.

அதுவரை கல்யாண வீட்டுக்கும்
கருமாதி வீட்டுக்கும் தண்ணீர் அடித்தவன்.
அங்கே குடத்துக்குக் குடம் சண்டை.
இங்கே சத்தமே இல்லை.
குழாயைத் திறந்தால்
சூடேறிய சிமெண்டு ஒருமுறை சீறும்,
பிறகு குடிக்க ஆரம்பிக்கும்.
முதல் நூறு லிட்டர் எப்போதும் தொட்டிக்குத்தான்.

நாங்கள் நிற்கும்வரை எதுவும் வராது,
ஈர விளிம்பைக் கறுப்பாக்கும் தேனீக்களைத் தவிர.
போன பிறகு வந்தவற்றை
அடுத்த நடையில் சேற்றில் வாசிப்பான் ஒச்சப்பன்:
இது பன்றி. இது காட்டுமாடு.
இது மிளா, பொட்டை, கூடக் குட்டி.
பலாக்கொட்டையை இரண்டாகப் பிளந்து
கவிழ்த்துவைத்த மாதிரி இருக்கும்
குட்டியின் குளம்பு.

மாசியிலிருந்து ஒரு போன்.
"அண்ணே, லோடு என்னைக்கு?
பாவம்ணே, வாயில்லா ஜீவன்."
காட்டுக்கு இரங்க ஒருத்தராவது இருக்கிறாரே என்று
'மிருகத் தண்ணி' எனப் பெயர் போட்டு வைத்துக்கொண்டேன்.
திங்கள் என்பேன். வியாழன் என்பேன்.
வண்டி பழுதான அன்றைக்கு
நாளைக்குத்தான் என்று
நானே கூப்பிட்டுச் சொன்னேன்.

பங்குனியில் ஒரு காலை
தொட்டித் தண்ணீர் செம்மண் நிறம்.
அந்தப் பக்கம் செம்மண் கிடையாது.

எதிரே உசிலை மரத்தில்
இரண்டு ஆள் உயரத்தில் கயிற்றுப் பின்னல்.
கீழே பீடித்துண்டு, புரோட்டா மடித்த இலை,
வாய் அவிழ்த்த சால்னாப் பை.
நிதானமாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்.
மலை முழுக்கத் தண்ணீர் ஓடினால்தானே
வேட்டைக்காரன் அலைய வேண்டும்.
இப்போது உட்கார்ந்தால் போதும்.

இழுத்துப்போன தடம் ஓடை வரைக்கும்.
குட்டியின் தடம் தொட்டியைச் சுற்றி,
திரும்பவும் சுற்றி.
ஒச்சப்பன் அதை மட்டும் வாசிக்கவில்லை.

வனவர் ஞானதுரை போட்டோ எடுத்தார்.
"லோடு வர்ற நாள் யாருக்கெல்லாம் தெரியும்?"
ஆபீசுக்கு, எனக்கு என்றேன்.
சட்டைப் பையில் போன்
மார்போடு ஒட்டிச் சுட்டது.
எடுத்துக் கொடுத்திருக்கலாம்.
அதில் நான் கூப்பிட்ட அழைப்பும் ஒன்று இருக்கிறது.

அப்புறம் தொட்டி நிறைந்தே கிடந்தது.
சித்திரை வெயிலில் பாசி பிடித்தது.
கொட்டிய உயரம் குறையவில்லை,
வெயில் குடித்தது போக.
தாகத்துக்கும் மேலே ஒன்றை
அவை கற்றுக்கொண்டுவிட்டன.

என் டேங்கரின் பின்வால்வு ஒழுகும்.
"வாசரை மாத்துய்யா,
பாதித் தண்ணி பாதைக்கே போகுது"
என்று ஞானதுரை திட்டாத நாளில்லை.
ஒருநாள் பொழுது சாய்ந்து திரும்புகையில்
ஹெட்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன்.
பாறை ஏறும் இடத்தில் வண்டி திணறும்,
சொட்டு அங்கே கொஞ்சம் கூடுதலாய் விழும்.
அந்த ஈரக் குழிகள் ஒவ்வொன்றின் ஓரத்திலும்
பிளந்த பலாக்கொட்டை.
பக்கத்தில் பெரிய தடம் இல்லை.

வாசர் மாற்றவில்லை.
பாறையருகே முதல் கியரில் போனேன்,
கர்ப்பிணியை ஏற்றியவன் மாதிரி.

நேற்று மறுபடியும் போன்.
"அண்ணே, லோடு என்னைக்கு?"
லோடு நின்னுபோச்சு என்றேன்.
டெண்டர் முடிஞ்சது,
வண்டியை ஷெட்டுல விட்டாச்சு,
கேட்காததற்கும் பதில் சொன்னேன்.
அந்தப் பக்கம் யாரோ
தீக்குச்சி உரசும் சத்தம்.
"அப்படியா?
பாதை ஈரமா இருக்கேண்ணே."

டி.கல்லுப்பட்டி கடையில் வாசர் வாங்கினேன்.
பன்னிரண்டு ரூபாய், கறுப்பு ரப்பர்.
டேஷ்போர்டில் கிடக்கிறது.
விடிந்தால் திங்கள்.