இரண்டு அங்குலம்

ஜிம்னியை இரண்டு அங்குலம் தூக்கிய பிறகு
யூனோஸ் வெளிவழியில்
இடப்பக்கம் வளைந்தால்
வண்டி வலப்பக்கம் சாய்கிறது,
தனபாலன் என்மேல் சாய்கிறான்.
மணமாகிப் பதினோரு ஆண்டில்
இவ்வளவு நெருக்கம்
பி.ஐ.இ-தான் கொடுத்தது.
அவனோ பிளாஸ்டிக் பையை வாய்க்குக் கீழே பிடித்தபடி
மெதுவா, மெதுவா என்கிறான்.

"எங்கே மலை ஏறப் போறே?" என்று
அலுவலகத்தில் ஹைருல் கேட்டான்.
சனிக்கிழமை துவாஸ் தாண்டி, என்றேன்.
மற்ற ஆறு நாளும்?
புளோக்கின் கார்நிறுத்தத்தில்,
ஐந்தாம் தளம் வரை.

காக்கி புக்கிட். கார்களும் மாடி ஏறும் கட்டடம்.
பூன் ஹொக் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துச்
சூள் கொட்டினார்.
அறந்தாங்கி முத்தையன்தான் வாய்விட்டுச் சொன்னார்:
"அக்கா, உயரம் ஏத்துனா ஆட்டமும் ஏறும்ல.
நீங்க மேல போய்ட்டீங்க, கம்பி கீழயே நிக்குது.
எப்படி இழுத்துப் புடிச்சுத் தொங்குது பாருங்க."

பார்த்தேன்.
வலச்சக்கரத்துக்கும் இடச்சக்கரத்துக்கும் நடுவே
கட்டைவிரல் பருமனில் ஒன்று.
இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால்
அதற்கு வேலையில்லை, சும்மா கூடப் போய்வரும்.
ஒன்று ஏறி ஒன்று இறங்கும்போதுதான்
ஈரத் துண்டைப் பிழிவதுபோல் முறுகி,
முறுகியதை அவிழ்க்கப் பார்த்து,
சாயும் உடலை நிமிர்த்தும்.
வித்தியாசத்துக்கு மட்டும் கூலி வாங்கும் இரும்பு.

தனபாலன் என்னைப் பார்த்தான்,
ஏதோ சொல்ல வாயெடுத்தான்.
வேண்டாம், என்றேன்.
எழுநூற்றுச் சொச்சம் வெள்ளி.
கம்பி கம்பியாகவே இருக்கட்டும்.

நான்கு மில்லி தடிப்பு கூடியதைப் போட்டார்கள்,
நீளமான இணைப்புகள்,
சிவப்புப் புஷ்களுக்குத் தாராளமாக கிரீஸ்.
கடைசியாக முத்தையன் காட்டியது இரண்டு பின்கள்:
"சேத்துல இறங்குறதுக்கு முன்னாடி கழட்டிருங்க.
ஒரு கால் குழியில, ஒரு கால் மேட்டுல நிக்கணும்.
கம்பி விடாது, ஒண்ணத் தூக்கிரும்.
தாருக்கு வந்ததும் மறக்காம மாட்டிருங்க."

அன்று யூனோஸ் வளைவில்
தனபாலன் அவனிடத்திலேயே இருந்தான்.
பையை மடித்து உள்ளே வைத்தான்.
என் இடத்தோள் கொஞ்சம் குளிர்ந்தது.

கோத்தா திங்கி, செம்பனைத் தோட்டம், மழை விட்ட சனி.
பின்களைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டேன்.
ஒரு சக்கரம் பள்ளத்தைத் தடவிப் பார்த்தது,
மற்றது மேட்டின்மேல் முழங்காலை மடித்தது,
நாலும் மண்ணை விடவில்லை.
நாங்கள் கத்தியதை
உடும்பு ஒன்று நின்று கேட்டுவிட்டுப் போயிற்று.

மறந்தேன்.
துவாஸ் வரிசையில் இரண்டு மணி நேரம் ஊர்ந்தோம்.
நேர்க்கோட்டில் எதுவும் தெரிவதில்லை.
கார்நிறுத்தத்தின் சுழல் ஏற்றத்தில்,
இரண்டாம் தளத் திருப்பத்தில்,
வண்டி படகானது.
தனபாலனின் கோப்பி-ஓ பொட்டலம்
என் மடியில்.

இரவு பதினொன்றரை. ஐந்தாம் தளம்.
மழைநீர் வடியத் தரை லேசாகச் சரிந்திருக்கிறது.
கம்பியின் துளையும் இணைப்பின் துளையும்
ஒரு நெல்லளவு விலகி நிற்கின்றன.
சுத்தியல் எடுத்தால் பக்கத்து புளோக் விழித்துக்கொள்ளும்.
"அந்தப் பக்கம் பம்பர்மேல ஏறு" என்றேன்.
எழுபத்தெட்டுக் கிலோவும் ஏறியது.
"குதிக்காதே. நில்."
"எவ்வளவு நேரம்?"
"பேசாதே, மூச்சு விட்டாலே துளை நகருது."

மல்லாந்து படுத்து,
நெஞ்சில் கைப்பேசி வெளிச்சத்தோடு,
துளைக்குள் துளை வரும்வரை பார்த்திருந்தேன்.
பிறை.
பிறகு பாதி.
பிறகு முழுதாக
அந்தப் பக்கத்துத் தூணின் வெள்ளை.
க்ளிக்.

இறங்கலாமா, என்று மேலிருந்து கேட்டான்.
இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது என்றேன்.