ஆரம் பன்னிரண்டு

பாத்ரூம் சன்னல் கண்ணாடி மாதிரி வேணுங்க,
என்றார் பொங்கியண்ணன்.
ஆள் நிக்கறது தெரியோணும்.
ஆருன்னு தெரியப்படாது.

ஈரோடு மேட்டூர் ரோட்டில் மாடியில் அவர் சீட்டுக் கம்பெனி.
கீழே பாத்திரக்கடை.
பேசப் பேச யாரோ ஓர் அண்டாவைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.

காரணத்தை டீ வந்த பிறகுதான் சொன்னார்.
போன வாரம் பள்ளிபாளையத்தில்
வசூலுக்குப் போன பையன்
தறிக்குடோன் வாசலில் போனை நீட்டியிருக்கிறான்,
இதுல ஒரு அமுக்கு அமுக்குங்கக்கா என்று.
நடுவில் வெள்ளையாய்ப் பணம் கட்டும் பெட்டி.
பெட்டிக்குப் பின்னால், மேலும் கீழும்,
மற்றவர்கள் பெயர்கள்.
ப. சரோஜினி, மூன்று தவணை பாக்கி.
பொழுது சாயறதுக்குள்ள
பதினாறு தறிக்கும் தெரிஞ்சு போச்சுங்க.
அந்தப் புள்ள மறுநா வேலைக்கு வரல.

சூரம்பட்டி அறையில்
கரண்ட் போய் வந்த ராத்திரி
மங்கலாக்குவது எப்படி என்று மறுபடி படித்தேன்.
எந்தப் புள்ளியும் தன் நிறத்தைத்
தானே வைத்துக்கொள்ளாது.
அக்கம்பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி
கூட்டி, வகுத்து,
வந்ததைப் பூசிக்கொள்ளும்.
இதுவும் ஒரு சீட்டுதான்.
ஓரத்துப் புள்ளிக்கு மட்டும் ஒரு பக்கம் ஆளில்லை.
கவனிக்காமல் விட்டால் விளிம்பு கறுத்துப்போகும்.
அதற்கென்று ஒரு வரி எழுதினேன்:
ஆளில்லாத பக்கத்தில்
உன் நிறத்தையே திரும்பப் போட்டுக்கொள்.

ஆரம் நான்கு.
மழையில் நனைந்த ரசீது மாதிரி;
ஆனாலும் சரோஜினிதான்.
ஆரம் எட்டு.
கொம்பு போனது, சுழி போனது,
அந்தப் பட்டியலிலேயே ஒற்றை எழுத்தான ஜி மட்டும்
பிடிவாதமாய் நின்றது.
ஆரம் பன்னிரண்டு.
எழுத்து போய்விட்டது.
சிவப்பு போகவில்லை.

பாக்கி வைத்தவர் வரிசைக்குச் சிவப்பு.
போன வருடம் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.
அவர் கேட்டார்.
எனக்கும் அன்றைக்கு அழகாகத்தான் இருந்தது.
இப்போது எழுத்து கரையக் கரைய
அது பக்கத்து வரிசைக்கெல்லாம் கசிந்து
முன்னைவிடப் பெரிதாய்,
வெத்தலை துப்பின சுவராய்.
மேலிருந்து நாலாவது ஆள் யார் என்று
தறிக்குடோனில் எல்லோருக்கும் எண்ணத் தெரியும்.

இருபத்தைந்துக்குப் போனேன்.
சோதிக்க வாங்கி வைத்திருந்த பையனுடைய போன்
(மூலையில் விரிசல், முதுகில் முருகன் ஸ்டிக்கர்)
லோடு வண்டி மேடேறுவது போல்
சூடேறி, திணறி,
நின்றே போனது.

திரும்பப் பன்னிரண்டு.
பிறகு, யாரும் கேட்காமல்,
சிவப்பை எடுத்தேன்.
எல்லா வரிசையும் ஒரே சாம்பல்.
பாக்கி எவ்வளவு என்பது, பெயரைத் தொட்டால், உள்ளே.

பெட்டி எழும்புவதைப் பார்த்துப் பொங்கியண்ணன் சிரித்தார்.
நாலு தடவை எழுப்பி நாலு தடவை மூடினார்.
அப்புறம் தேடினார்.
செவப்பு எங்கீங்க?
தொட்டாத் தெரியும்ங்க.
தொடாமத் தெரியோணுமல்ல?
கீழே அண்டாவைத் தட்டினார்கள்.
போனைத் தள்ளிப் பிடித்தார்,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்,
மறுபடி பார்த்தார்.
செரி, ஒரு மாசம் ஓடட்டும்.
வசூல் கொறஞ்சா பழையபடி மாத்திப்போடோணும்.

மங்கல் வேலைக்கு நாலாயிரம் என்று பில் எழுதினேன்.
சிவப்பை எடுத்ததை
எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியவில்லை.
விட்டுவிட்டேன்.

சாயங்காலம் போனைத் திருப்பிக் கொடுக்கப்
பள்ளிபாளையம் பஸ்.
கருங்கல்பாளையம் தாண்டிப் பாலத்தில் ஊர்ந்தது.
சன்னல் கண்ணாடியில் நேற்று மழையின் சேறு.
அக்கரையில், தண்ணீருக்குப் பக்கத்தில்,
நீளமாய் ஏதோ சிவப்பு.
காயப்போட்ட சேலையோ
சாயத்தண்ணியோ.
துடைத்தால் தெரியும்.
முன் சீட்டில் ஒரு பெண்,
மடியில் தூக்குப்போசி,
ராத்திரி ஷிப்டுக்குப் போகிறாள் போல.
பேர் கேட்கவில்லை.